எங்கட கச்சானும் ஊவாத் தேத்தண்ணியும்

ஓகஸ்ட் மாதத்து ஊவாத் தேயிலையை, பாலும் விடாமல் சீனியும் போடாமல், அது முளைத்த மலையிலேயே நின்று குடித்திருக்கிறீர்களா? இல்லையா? அப்ப இதை வாசித்து முடித்த கையோடு பையைத் தூக்குங்க. உண்மையாச் சொல்றன், ஊருக்குத் திரும்பி வந்த நாளிலிருந்து கிண்ணியாக் குறிஞ்சாக்கேணியில் என் கண்ணில் பட்டவர் எவரும் இந்தக் கதைக்குத் தப்பவில்லை. சுபஹு தொழுதுவிட்டுப் பள்ளிவாசலில் நின்றவர்களிடம் சொன்னேன், மீன் வாடியில் சொன்னேன், முடி வெட்டுகிற கடையில் கத்தி பிடரியில் இருக்கும்போதே சொன்னேன். இன்னும் ஆசை அடங்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் எங்கட கச்சான் காற்று. கிண்ணியாப் பக்கத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஜூனில் தொடங்கி ஓகஸ்ட் முடியும்வரை மேற்கிலும் தென்மேற்கிலுமிருந்து வந்து அடிக்கிற அந்த வறண்ட, சூடான காற்று. களப்புத் தண்ணி கண்ணைக் கூசவைக்கும், உதடு வெடிக்கும், கொடியில் போட்ட சாரன் சற்று நேரத்தில் காய்ந்து விறைத்துப் போகும், கூட்டி முடித்த முற்றத்தில் திரும்பவும் மண் வந்து கிடக்கும். உம்மா வாசல் கதவை இழுத்துச் சாத்தியபடி அந்தக் காற்றை ஏசாத நாளில்லை. "இந்தக் கச்சானால ஆருக்கு என்ன பிரயோசனம்?" என்பா. பிரயோசனம் இருக்கு உம்மா! அதை என் நாக்காலேயே பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

கிண்ணியாவிலிருந்து ஊவா மலைநாட்டுக்குப் போகிறவர்கள் வழமையாகக் கண்டி வழியைத்தான் பிடிப்பார்கள். நான் கிழக்கு வழியால் போனேன். நீங்களும் அப்படியே போங்க. மூதூர், வெருகல், வாகரை என்று கடலை ஒட்டியே தெற்கே இறங்கி, செங்கலடியில் மேற்கே திரும்பினால் மகா ஓயா, பிபிலை. அதுவரைக்கும் வெக்கை உங்களை விடாது. பிபிலை கழிந்து லுணுகலைக்கு ஏறும்போதுதான் விஷயம் தொடங்குகிறது. பஸ் யன்னலால் வந்து முகத்தில் அடிக்கிற காற்று அதே வேகம், அதே வறட்சி, ஆனால் ஒவ்வொரு வளைவிலும் அதிலிருந்த சூடு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டே போகும். முதல் தேயிலைச் சரிவைக் கண்டதும் நான் எழுந்தே நின்றுவிட்டேன், பக்கத்தில் இருந்த ஐயா "இறங்கப் போறீங்களா?" என்று கேட்டார், இல்லை ஐயா, பார்க்கப் போறன் என்றேன். பசறை, பிறகு பதுளை. பதுளையிலிருந்து ரயில். 1924இல் வந்து முடிந்த பாதை அது. தெமோதரையில் தண்டவாளம் ஒரு முழு வட்டம் அடித்து, நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள்ளால் போகும். எல்லவுக்குக் கிட்ட 1921இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலம், அதில் படமெடுக்க நின்ற கூட்டம், அவர்களுக்கெல்லாம் கையசைத்தேன். பண்டாரவளை தாண்டி அப்புத்தளையில் இறங்கினேன். கடல் மட்டத்துக்கு மேலே 1,400 மீற்றருக்கும் அதிகம். மலை முகட்டில் ஒரு ஊர், ரோட்டுக்கு இந்தப் பக்கமும் பள்ளம், அந்தப் பக்கமும் பள்ளம், நடுவில் காற்று. என்ன காற்று! தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

விடிந்ததும் தம்பேதன்னைப் பக்கம் நடந்தேன். இப்ப நினைச்சுப் பாருங்க. ஒரு பக்கம் ஆகாயம், மறுபக்கம் தோளுயரத்துக்கு மேலே ஏறிக்கொண்டே போகிற பச்சை, அந்தப் பச்சை முழுக்க ஒரே மட்டத்தில் வெட்டிவிட்டது போலத் தட்டையாக இருக்கு, நடுநடுவே தலையில் கயிறு மாட்டிக் கூடையை முதுகில் தொங்கவிட்ட பெண்கள். ஒரு அக்கா பாதை ஓரத்து நிரையில் எடுத்துக்கொண்டு நின்றா. கையைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். இரண்டு கையும் தனித்தனியாக வேலை செய்கிறது, கண் பார்க்க முந்தி விரல் போய்விடுகிறது, நுனி மொட்டும் அதற்குக் கீழே இரண்டு இலையும், அவ்வளவுதான், மூன்றாவது இலையை விரல் தொடுவதேயில்லை, முறிக்கும்போது ஒரு சின்ன 'டிக்', கை நிறைந்ததும் தோளுக்கு மேலால் பின்னுக்கு ஒரு வீச்சு, கூடைக்கு வெளியே ஒரு இலை விழவில்லை. ஒரு கொழுந்தைக் கேட்டு வாங்கினேன். கசக்கினேன். பச்சை வாசம், அதற்கு அடியில் வேறொன்று, மூக்கின் உச்சிக்கு ஏறுகிற குளிர்ச்சியான ஒன்று.

"இந்த மாசந்தான் தம்பி கொழுந்துல வாசம். மழை காலத்துல வந்தா கூடை நெறையும், வாசம் இருக்காது."

"ஏன் அக்கா?"

"கச்சான் காத்துல்ல அடிக்குது."

எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. கச்சானா? எங்கட கச்சானா? "அக்கா, அது எங்கட காத்து! நான் திருகோணமலைப் பக்கம், எங்கட ஊரில இப்ப இதே காத்துத்தான் கொதிக்குது" என்று கத்திவிட்டேன். அவ நிமிர்ந்து பார்த்துச் சிரித்தா. "ஒங்க காத்தா? மொதல்ல இங்க வேலைய முடிச்சிட்டுத்தான் தம்பி ஒங்ககிட்ட வருது."

வேலையை முடித்துவிட்டுத்தான் வருகிறது! இதைவிடச் சரியாக எந்த வானிலை அதிகாரியும் சொல்லிவிட முடியாது. தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வந்து ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்து மேற்குச் சரிவுகளில் மோதுகிறது. இருந்த மழையையெல்லாம் அங்கேயே கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி, கையில் ஒன்றும் இல்லாத வறண்ட காற்றாக ஊவாவுக்குள் நுழைகிறது. பட்டிப்பொலவுக்கும் ஒஹியவுக்கும் இடையில் ரயில் சுரங்கத்தால் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும், இந்த வாயில் மழையும் புகாரும், அந்த வாயில் வெயில். பிறகு அதே காற்று சரிவால் கீழே இறங்குகிறது. இறங்குகிற வறண்ட காற்று 100 மீற்றருக்கு ஏறத்தாழ 1 பாகை சூடாகும். அப்புத்தளை முகட்டிலிருந்து கடல் மட்டத்துக்கு வரக் கணக்குப் பாருங்க, 14 பாகை! அங்கே நடுங்க வைத்த காற்று குறிஞ்சாக்கேணிக்கு வரும்போது சுடாமல் என்ன செய்யும்? காற்று மட்டுமா? பதுளை ஓயாவும் உமா ஓயாவும் மகாவலியில் விழுகின்றன, மகாவலி எங்கட கொட்டியாரக்குடாவில் கடலோடு சேருகிறது. அந்தத் தேயிலைச் சரிவில் நின்றபோது, ஏதோ தூரத்து நாட்டைப் பார்க்க வந்தவன் என்ற எண்ணமே எனக்குப் போய்விட்டது. எங்கட ஊரின் மேல்மாடியில் நிற்கிறேன் என்றுதான் தோன்றியது.

அந்த வறட்சிதான் செடியை மாற்றுகிறது. தண்ணி குறைய, பகலில் வெயிலும் காற்றும் அடிக்க, இரவில் குளிர் இறுக்க, கொழுந்து அவசரப்பட்டு வளர்வதை நிறுத்திவிடுகிறது. இலை சிறுக்கும், சாறு செறிவாகும், வாசம் கூடும். ஊவாத் தேயிலையின் அந்தக் குளிர்ச்சி வாசத்துக்குப் பெரிய காரணம் மெதைல் சாலிசிலேட் என்ற பொருள். தசைவலிக்குப் பூசுகிற தைலங்களில் மூக்கைத் துளைக்கிறதே, அதுவேதான், ஆனால் இங்கே பூவுக்குள் ஒளித்து வைத்த அளவில். நெருக்கடிப்படும் செடிகள் விடுகிற வாசம் அது. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரைதான் இந்த விளையாட்டு. அந்தச் சில வாரங்களுக்காகத்தான் கொழும்பு ஏலத்தில் ஊவா என்ற பெயருக்குக் காத்திருக்கிறார்கள், 1883இலிருந்து நடந்துவருகிற ஏலம் அது. ஜப்பான்காரர்கள் உலகத்தின் மூன்று பெரிய கறுப்புத் தேயிலை என்று டார்ஜிலிங், சீனத்துக் கீமுன், இவற்றோடு எங்கட ஊவாவைத்தான் வைத்திருக்கிறார்கள். எங்கட ஊவாவை!

அக்காதான் ஸ்டோருக்கு வழி காட்டினா. தோட்டத்தில் தொழிற்சாலையை ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். மடுவம் என்கிற கொட்டகையில் நிறுத்து, சாக்கில் கட்டி வந்த கொழுந்து அங்கே மேல்மாடிக்கு ஏறுகிறது. பல மாடிக் கட்டடம், சுவரை விட யன்னல்தான் அதிகம், காற்று வந்து போவதற்கென்றே கட்டியது. நீண்ட தொட்டிகளில் கொழுந்தைப் பரப்பி அரைநாளுக்கும் மேலாக வாட்டுகிறார்கள். அந்த மாடிக்குள் கால் வைத்த நிமிஷம் நான் என்னை மறந்தேன் என்று சொன்னால் நம்புங்க. வெட்டிய புல்லும், பச்சை அப்பிளும், ஏதோ வெள்ளைப் பூவும் ஒன்றாகக் கலந்த வாசம், அதுவும் ஒரு மாடி முழுக்க, தலை சுற்றும் அளவுக்கு. கீழே இறங்கினால் உருட்டுகிற இயந்திரங்கள், விடியப்புறத்துக் குளிரிலேயே அந்த வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். நசுங்கிய இலை காற்றுப் பட்டுப் பச்சையிலிருந்து செம்புக்கு மாறுகிறது. எந்த நிமிஷத்தில் அதை நிறுத்தி அடுப்புச் சூட்டுக்கு அனுப்புவது என்பதில்தான் டீமேக்கரின் மூக்கு இருக்கிறது. கச்சான் காலத்தில் அந்த நேரத்தைக் குறைத்துக்கொள்வாராம், வாசம் ஓடிவிடக் கூடாதென்று. முக்கால் பங்குக்கு மேல் தண்ணியாக இருந்த இலை, சூளையால் வெளியே வரும்போது 3 வீதம் அளவில்தான் ஈரம் வைத்திருக்கும். ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோ அளவில் பச்சைக் கொழுந்து வேண்டும். அக்காவின் விரல் அதில் எத்தனை தடவை 'டிக்' என்றிருக்கும் என்று எண்ணப் பார்த்தேன், முடியவில்லை.

இனித்தான் விஷயம். டீமேக்கர் ஐயா என் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்திருக்க வேண்டும், "வாங்க, குடிச்சுப் பாருங்க" என்று ருசி பார்க்கிற அறைக்குக் கூட்டிப் போனார். வடக்குப் பக்க யன்னல், நீண்ட மேசை, வெள்ளைப் பீங்கானில் மூடி போட்ட குவளைகள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு வெள்ளைக் கிண்ணம். இரண்டு குவளை எடுத்தார். ஒன்றில் மே மாதத்து மாதிரி, மற்றதில் அந்தக் கிழமை செய்தது. அதே மலை, அதே செடி, அதே இயந்திரம், அதே தரம், அதே நிறை, அதே தண்ணி, காற்று மட்டும் வேறு! கொதித்த தண்ணியை ஊற்றி, ஐந்தாறு நிமிஷம் மூடி வைத்து, கிண்ணத்தில் கவிழ்த்து வடித்தார். மே மாதத்தைக் குடித்தேன். நல்ல தேத்தண்ணி, குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு மற்றக் கிண்ணம். முதலில் நிறத்தைப் பாருங்க என்றார். பார்த்தேன், செம்மஞ்சளும் சிவப்பும் கலந்து உள்ளேயிருந்து ஒளி வருகிற நிறம், கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி, தண்ணியும் பீங்கானும் சேருகிற இடத்தில், மெல்லிய ஒரு தங்க வளையம், ஊவாவுக்கே உரிய வளையம் அது, நான் கிண்ணத்தை இப்படிச் சாய்க்க அதுவும் சாய்கிறது, அப்படிச் சாய்க்க அப்படியும் வருகிறது, விட மனமில்லை. "சத்தமா உறிஞ்சுங்க, காத்தோட சேர்த்து உள்ளுக்கு இழுங்க" என்றார், இழுத்தேன், யா அல்லாஹ், என்ன அது! முதலில் கூர்மை, நாக்கின் இரண்டு ஓரத்தையும் பிடித்து இறுக்குகிற துவர்ப்பு, அது விலக முந்தியே ரோசாப்பூ மாதிரி ஒன்று, அதற்குப் பின்னால் காட்டுத் தேனின் நிழல், அதையும் தாண்டி, தொண்டையால் இறங்கின பிறகு, திரும்பி மேலே ஏறி மூக்கு வழியாக வெளியே போகிறதே அந்தக் குளிர், சூடான தண்ணி குடித்து வாய்க்குள் குளிர் அடிக்கிறது, காலையில் கசக்கிப் பார்த்த அதே கொழுந்தின் வாசம், அதே முகட்டுக் காற்று, இப்ப என் நெஞ்சுக்குள் இருக்கு! துப்புவதற்கு ஒரு பாத்திரம் வைத்திருந்தார்கள், ருசி பார்க்கிறவர்கள் துப்பித்தான் ஆக வேண்டும், நான் துப்புவேனா? ஒரு சொட்டு விடாமல் குடித்தேன், வடித்த இலையை மூடியில் கவிழ்த்து வைத்திருந்தார், புதுச் செம்புக் காசு நிறம், அதற்குள் மூக்கைப் புதைத்தேன், கண்ணில் தண்ணி வந்துவிட்டது, வெட்கப்படவில்லை. இன்னொரு தரம் தரச் சொன்னேன். தந்தார். பிறகும் கேட்டேன்.

இந்த இடத்தில் ஒரு ஆதங்கத்தைச் சொல்லியே ஆக வேண்டும். நான் திராட்சை மதுவைத் தொடுகிறவன் அல்ல. ஆனால் உயரமான மலைகளில் திராட்சை வளர்க்கிறவர்களைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் ஆசையாக வாசிப்பேன். ஆர்ஜென்டினாவின் மெண்டோசாவில் அந்தீஸ் மலையடியில் 1,000 மீற்றருக்கு மேலே கொடி போடுகிறார்கள், சால்ட்டாவில் 3,000 மீற்றரையும் தாண்டிவிட்டார்கள். பகல் வெயில் பழத்துக்கு இனிப்பைக் கொடுக்கும், இரவுக் குளிர் புளிப்பைப் போகவிடாமல் காக்கும், வறட்சி பழத்தைச் சிறுக்க வைத்துச் செறிவாக்கும். ஊவாவில் கொழுந்துக்கு நடப்பதும் இதே கதைதானே! அவர்கள் எந்தச் சரிவு, எந்த ஆண்டு, எவ்வளவு உயரம் என்று போத்தலின் மேலேயே எழுதிக் கொண்டாடுகிறார்கள். நுவரெலியாத் தேயிலையை இலங்கைத் தேயிலைகளின் ஷாம்பேன் என்று அழைக்கிறார்கள். நாங்கள் மட்டும் கடையில் போய் "தேயிலை நூறு கிராம்" என்று கேட்டு, எந்த மலை, எந்த மாதம் என்று பார்க்காமல், பால்மாவைக் கொட்டிக் கலக்கி அடிக்கிறோம். நல்லதெல்லாம் கப்பல் ஏறிவிடுகிறது, தூள்தான் நாட்டுக்குள் நிற்கிறது என்பார்கள். அது ஓரளவு உண்மைதான், ஆனால் தேடினால் கிடைக்கிறது, தேடுங்க!

இந்தத் தேயிலை இங்கே வந்த கதை தெரியும்தானே? 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார், அடுத்த ஆண்டுகளில் கோப்பியை இலைத்துரு நோய் தின்று தீர்க்க, மலை முழுக்கத் தேயிலையாயிற்று. 1890இல் தோமஸ் லிப்டன் வந்து அப்புத்தளைப் பக்கம் தோட்டங்களை வாங்கினார், தம்பேதன்னை ஸ்டோர் அவர் கட்டியதுதான், அதற்கு மேலே அவர் உட்கார்ந்து பார்த்த இடத்தை இன்றைக்கும் லிப்டன் சீட் என்கிறார்கள். ஏறினேன், கிழக்கு மாகாணம் வரைக்கும் தெரியும் என்றார்கள், எனக்குப் புகாருக்குள்ளும் தெரிந்தது என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தச் சரிவுகளைப் பார்க்கப் பார்க்க என் மனம் லிப்டனிடம் நிற்கவில்லை. தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து, கால்நடையாக வந்து காட்டை வெட்டி, இந்தச் செடிகளை நட்டு, கவ்வாத்து வெட்டி, இத்தனை தலைமுறையாக இடுப்பளவு மட்டத்தில் வைத்திருக்கிற சனத்திடம்தான் போய் நின்றது. அவர்களுடைய நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கே 2021 வரை போராட வேண்டியிருந்தது. அந்தக் கிண்ணத்தின் ருசியில் பாதி காற்றுடையது என்றால் மற்றப் பாதி அந்த விரல்களுடையது, அதற்குரிய விலை அவர்கள் குடியிருக்கிற லயத்து வாசலுக்குப் போய்ச் சேரவேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறேன்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். பெட்டியில் வாள் பிடித்த சிங்க இலச்சினை இருக்கா என்று பாருங்க, இருந்தால் அது இலங்கையிலேயே பொதி செய்த அசல் இலங்கைத் தேயிலை. அதோடு 'ஊவா' என்ற பெயரும் இருக்க வேண்டும், கச்சான் காலத்தில் செய்ததா என்று வாய்விட்டுக் கேளுங்க. தண்ணி நல்லாக் கொதிக்கட்டும். ஒரு கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி, நாலைந்து நிமிஷம் மூடி வையுங்க. முதல் மிடறு வெறும் தேத்தண்ணியாகத்தான், தயவுசெய்து, அதற்குப் பிறகு உங்கட விருப்பம். உம்மாவுக்கு அப்படித்தான் ஊற்றிக் கொடுத்தேன். குடித்தா, ஒன்றும் சொல்லவில்லை, கோப்பையைத் திரும்ப நீட்டினா.

இன்னொன்றையும் டீமேக்கர் ஐயா சொல்லி அனுப்பினார், அதிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை மேற்குச் சரிவுகளின் முறையாம். வடகிழக்கிலிருந்து வருகிற வாடைக்காற்று எங்கட கரையில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி, வறண்டு குளிர்ந்த காற்றாக ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துத் திம்புள்ளைக்குள் இறங்குமாம், அப்பதான் அங்கே வாசம் ஏறுமாம். அதாவது இந்த முறை எங்கட பக்கம் முதலில் வேலையை முடித்துவிட்டு அவர்களிடம் போகிறது! பெப்ரவரியில் ஹட்டனுக்குப் போகிறேன். கூட வாறவங்க இப்பவே சொல்லுங்க, தடிச்ச ஜம்பர் ஒன்று எடுத்து வாங்க, சீனியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாங்க.